தபால் பெட்டியின் சாவி யாரிடம்?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, நூற்புப் பகுதியில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். முதல் நாள் இரவு அவர் பார்த்த சினிமாவைப் பற்றிய கேள்வி. அந்தக் கதை உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். நல்ல குடும்பம், அன்பான தாய், குழந்தைகள். அந்தத் தாய்க்கு ஒரு பழைய ரகசியம். அதற்குச் சாட்சியாக ஒரு கடிதம். அது ஒரு கயவன் கையில். பணம் கொடு, இல்லாவிட்டால் உன் புருஷனிடம் சொல்லிவிடுவேன் என்கிறான். அவள் நகையைக் கழற்றிக் கொடுக்கிறாள். பொய் மேல் பொய் சொல்கிறாள். தூக்கம் கெட்டுத் துரும்பாக இளைக்கிறாள். கடைசியில் கயவன் சாகிறான். அவள் புருஷன் காலில் விழுகிறாள். அவன் மன்னிக்கிறான். சுபம்!

அந்தச் சகோதரி கேட்டார்: "தோழர், ஒரு துண்டுக் காகிதத்துக்கு அவ்வளவு விலை எப்படி வந்தது? பழைய கடைக்காரன்கூட எடைக்கு எடுக்க மாட்டானே!"

சரியான கேள்வி. அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். ஆனால் அந்தச் சினிமாவை வைத்துச் சொல்லப் போவதில்லை. இதே கதையை, இதே தாயை, இதே காகிதத்தை வைத்து 1879ஆம் ஆண்டில் நார்வே நாட்டுக்காரர் ஒருவர் ஒரு நாடகம் எழுதினார். அவர் பெயர் ஹென்ரிக் இப்சன். நாடகத்தின் பெயர் 'பொம்மை வீடு'. அதில் கயவன் சாகவில்லை. மனைவி புருஷன் காலில் விழவில்லை. அந்தக் காகிதத்துக்கு விலை வைத்தவர்கள் யார் யார் என்பது அதில் வெட்ட வெளிச்சமாகிறது.

இப்சன் 1828ல் ஷீயன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் வசதியான வியாபாரி. மகன் சிறுவனாக இருக்கும்போதே வியாபாரம் நொடித்தது. சொத்து கைவிட்டுப் போயிற்று. பதினைந்தாவது வயதில் வேற்றூர் மருந்துக் கடை ஒன்றில் தொழில் பழகுவதற்காகப் பையன் அனுப்பப்பட்டான். கடன் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல அவர்.

கடன் பிறந்த கதை

நாடகம் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் தொடங்குகிறது. நோரா என்ற இளம் தாய் கடைக்குப் போய்ப் பொட்டலங்களோடு வீடு திரும்புகிறாள். கல்யாணமாகி எட்டு வருஷம். மூன்று குழந்தைகள். புருஷன் டோர்வால்ட் ஹெல்மர் ஒரு வக்கீல். புது வருஷம் பிறந்ததும் பாங்கி மானேஜராகப் பதவி ஏற்கப் போகிறான். அவளைப் பறவை என்பான், அணில் என்பான். இனிப்புத் தின்னக் கூடாது என்று தடை போடுவான். அவள் ஒளித்து வைத்துத் தின்பாள். கடன் என்றாலே அவனுக்கு ஆகாது. கடன்பட்ட குடும்பத்தில் சுதந்திரம் ஏது, அழகு ஏது என்று மனைவிக்கு உபதேசம் செய்வான்.

அவன் உயிரோடு நடமாடுவதே ஒரு கடனால்தான் என்பது அவனுக்குத் தெரியாது!

கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவன் ஓயாமல் உழைத்து நோயில் விழுந்தான். தெற்கே வெப்பமான நாட்டுக்குப் போனால்தான் பிழைப்பான் என்று டாக்டர்கள் அவளிடம் சொன்னார்கள். கையில் பணம் இல்லை. கடன் வாங்கலாம் என்று சொன்னால் அவன் சீறுகிறான். பெற்ற தகப்பனோ வேறு ஊரில் மரணப் படுக்கையில் கிடக்கிறார். அவள் என்ன செய்தாள்? கிராக்ஸ்டாட் என்பவனிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 1,200 ஸ்பீசிடாலர், அதாவது 4,800 குரோன், கடன் வாங்கினாள். அப்பா கொடுத்த பணம் என்று புருஷனிடம் சொல்லி அவனை இத்தாலிக்கு அழைத்துப் போனாள். அவன் குணமாகித் திரும்பினான்.

அன்று முதல் அவள் கடனை அடைத்து வருகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. அதற்கு மேல் அசலில் தவணை. குழந்தைகளின் செலவில் அவள் கை வைக்கவில்லை. தனக்குத் துணிமணிக்கென்று புருஷன் கொடுத்த பணத்தில்தான் பாதியை மிச்சம் பிடித்தாள். போன வருஷக் குளிர்காலத்தில் காகிதங்களைப் பார்த்து நகல் எழுதும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு நாளும் மாலையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நள்ளிரவு வரை எழுதினாள். பண்டிகைக்குக் காகிதப் பூச் செய்வதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பூ எங்கே என்று கேட்டபோது, பூனை கிழித்துவிட்டது என்று கதை சொன்னாள்.

சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். உழைத்ததையும் அவள் திருட்டைப்போல் மறைக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த உழைப்பைப் பற்றித் தன் தோழியிடம் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை. பணம் சம்பாதித்தபோது தான் ஓர் ஆண்பிள்ளையைப்போல் இருந்ததாகச் சொல்கிறாள். அந்த வீட்டில் அவள் அனுபவித்த சுதந்திரம் அவ்வளவுதான்; அதுவும் பூட்டிய அறைக்குள்ளே!

செத்தவர் போட்ட கையெழுத்து

கிராக்ஸ்டாட் அதே பாங்கியில் ஒரு சின்ன வேலையில் இருப்பவன். முன்பு ஒரு கள்ளக் கையெழுத்து விவகாரத்தில் சிக்கியவன். தண்டனைக்குத் தப்பினான், பெயருக்குத் தப்பவில்லை. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகளை வளர்க்க வேண்டும். இந்தச் சின்ன வேலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மனிதர்கள் மத்தியில் தலை நிமிரப் பார்க்கிறான். புதிய மானேஜர் அவனை வேலையிலிருந்து நீக்க முடிவு செய்கிறான். அந்த இடத்தை நோராவின் தோழி லிண்டே அம்மாளுக்குக் கொடுக்கப் போகிறான். அந்த அம்மாளும் விதவை. பிழைப்புத் தேடி வந்தவள்.

கிராக்ஸ்டாட் நோராவிடம் வருகிறான். என் வேலையைக் காப்பாற்று, புருஷனிடம் பேசு என்கிறான். எனக்கென்ன என்று அவள் மறுக்கிறாள். அப்போது அவன் அந்தப் புரோநோட்டைப் பற்றிப் பேச்செடுக்கிறான். அதற்கு அவள் தகப்பனார் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. கையெழுத்து இருக்கிறது, தேதியும் இருக்கிறது: அக்டோபர் 2. ஆனால் அவர் இறந்ததோ செப்டம்பர் 29! செத்தவர் மூன்று நாள் கழித்து எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாரா?

அவள் மழுப்பவில்லை. நான்தான் போட்டேன் என்று தலை நிமிர்ந்து சொல்கிறாள். சாகக் கிடக்கும் தகப்பனிடம் மருமகன் சாகக் கிடக்கிறான் என்று எப்படிச் சொல்வேன், புருஷன் உயிரைக் காப்பாற்றியது குற்றமா, இதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் மோசமான சட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்கிறாள். எதற்காகச் செய்தாய் என்று சட்டம் கேட்காது என்கிறான் அவன். தான் முன்பு செய்ததும் இதைவிடப் பெரிய குற்றம் அல்ல என்றும் சொல்கிறான்.

தோழர்களே, கள்ளக் கையெழுத்து கள்ளக் கையெழுத்துதான். அதை நான் மறைக்கப் பார்க்கவில்லை. ஆனால் அவளை அந்த இடத்துக்குத் தள்ளியது எது? அந்த நாட்டில் அந்தக் காலத்தில் மனைவி, புருஷன் சம்மதம் இல்லாமல் கடன் வாங்க முடியாது. அவள் நடத்தும் குடும்பம். அவள் பெற்ற பிள்ளைகள். ஆனால் சட்டத்தின் முன்னே அவள் பெயருக்கு மதிப்பில்லை. ஓர் ஆணின் கையெழுத்து வேண்டும். புருஷன் அல்லது தகப்பன். நேர் வழியை அடைத்துவிட்டு, கோணல் வழியில் போனாயே என்று அவளைக் கேட்கிறது சட்டம். காகிதத்துக்கு முதல் விலையை வைத்தது அதுதான்.

இரண்டாவது விலையைப் புருஷன் வைக்கிறான், தெரியாமலே. கிராக்ஸ்டாட்டைப் பற்றிப் பேசும்போது ஹெல்மர் மனைவியிடம் ஒரு தத்துவம் சொல்கிறான். பொய் குடியிருக்கும் வீட்டில் குழந்தைகள் மூச்சு விடும் காற்றிலேயே விஷம் கலந்திருக்குமாம். இளமையில் கெட்டுப் போனவர்களில் பெரும்பாலோருக்குத் தாய்தான் பொய்காரியாக இருப்பாளாம். அவன் போன பிறகு அவள் முகம் வெளுத்துப் போகிறது. குழந்தைகள் ஓடி வந்தால் அருகே சேர்க்கப் பயப்படுகிறாள். மிரட்ட வந்தவன் சட்டத்தைத்தான் காட்டினான். தாய்மையைக் காட்டிப் பயமுறுத்தியது வீட்டுக்காரனின் உபதேசம்!

பூட்டிய பெட்டி

மறுநாள் அவள் புருஷனிடம் கெஞ்சுகிறாள். கிராக்ஸ்டாட்டை நீக்க வேண்டாம் என்கிறாள். அவன் இணங்கவில்லை. நேர்மை, ஒழுக்கம் என்று அவன் பேசியதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மைக் காரணத்தை அவனே சொல்லிவிடுகிறான்: கிராக்ஸ்டாட் இளமைக் காலச் சிநேகிதன்; நாலு பேர் முன்னிலையில் மானேஜரை 'நீ, வா, போ' என்று பேசுகிறான்! அதற்காகத்தான் ஒருவன் வயிற்றில் அடி. அப்போதே வேலைநீக்கக் கடிதம் பறக்கிறது.

குடும்ப நண்பர் டாக்டர் ராங்கிடம் உதவி கேட்கலாம் என்று நோரா நினைக்கிறாள். அவரோ, சாகப் போகும் நோயாளி, அவளைக் காதலிப்பதாகச் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு அவரிடம் பணம் கேட்பது எப்படி? அந்தக் கதவும் அடைபட்டது. பாருங்கள், ஒரு பெண்ணுக்குப் பணம் கிடைக்கும் வழியெல்லாம் ஓர் ஆணின் தயவு வழியாகத்தான் போகிறது.

கிராக்ஸ்டாட் திரும்பி வருகிறான். இப்போது அவனுக்குப் பழைய வேலை போதாது. உயர்ந்த வேலை வேண்டும். ஒரு வருஷத்துக்குள் பாங்கியையே தான் நடத்த வேண்டும். எல்லா விவரமும் எழுதிய கடிதத்தை வீட்டுக் கதவிலுள்ள தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறான்.

கண்ணாடிப் பெட்டியோ, இரும்புப் பெட்டியோ, எதுவாக இருந்தால் என்ன? பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி ஒன்றுதான். அது புருஷன் சட்டைப் பையில்!

இந்த இடத்தில்தான் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை. உள்ளே ஒரு கடிதம் கிடக்கிறது; வெளியே அவள் நிற்கிறாள்; தன் வீட்டுப் பெட்டியைத் திறக்க அவளால் முடியாது. மறுநாள் இரவு ஒரு விருந்தில் அவள் ஆட வேண்டிய இத்தாலிய நடனத்தை ஒத்திகை பார்ப்பதாகச் சொல்லி, வெறி பிடித்தவள்போல் ஆடிப் புருஷன் கவனத்தைத் திருப்புகிறாள். விருந்து முடியும் வரை கடிதம் எதையும் பார்ப்பதில்லை என்று வாக்கு வாங்குகிறாள். தன் உயிருக்கு இன்னும் முப்பத்தொரு மணி நேரம் என்று கணக்குப் போடுகிறாள். ஏனென்றால் அவள் ஓர் அற்புதத்தை எதிர்பார்க்கிறாள். கடிதத்தைப் படித்ததும் புருஷன் முன்வந்து, குற்றம் என்னுடையது என்று பழியைத் தன் தலையில் ஏற்பான். அதைத் தடுக்கத் தான் தண்ணீரில் விழுந்து சாக வேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

இதற்கிடையே லிண்டே அம்மாள் கிராக்ஸ்டாட்டைச் சந்திக்கிறாள். இருவரும் ஒரு காலத்தில் காதலித்தவர்கள். தாயையும் தம்பிகளையும் காப்பாற்றுவதற்காக அவள் பணக்காரன் ஒருவனை மணந்துகொண்டாள். இப்போது இருவரும் ஒன்று சேர முடிவு செய்கிறார்கள். அவன் மனம் மாறிக் கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுவதாகச் சொல்கிறான். வேண்டாம் என்கிறாள் அந்த அம்மாள். இந்த ஒளிவு மறைவு ஒழியட்டும். புருஷனும் மனைவியும் உண்மையை நேருக்கு நேர் பார்க்கட்டும் என்கிறாள். நாடகத்திலேயே பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து.

அற்புதம் நடக்கவில்லை

விருந்து முடிந்தது. ஹெல்மர் கடிதத்தைப் படித்தான். அற்புதம் நடந்ததா? பொய்காரி, குற்றவாளி என்று கத்துகிறான். அவள் தகப்பனை இழுத்துத் திட்டுகிறான். மிரட்டுபவனை எப்படியாவது சரிக்கட்டியாக வேண்டும் என்கிறான். வெளியே எல்லாம் முன்போலவே இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும். அவள் வீட்டில் இருக்கலாம். ஆனால் குழந்தைகளை அவள் வளர்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறான். தன் உயிரைக் காத்தவள் என்ற நினைப்பு அந்த நேரத்தில் அவன் நெஞ்சில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

உடனே இன்னொரு கடிதம் வருகிறது. கிராக்ஸ்டாட் புரோநோட்டையே திருப்பி அனுப்பிவிட்டான். ஹெல்மர் ஆனந்தக் கூச்சல் போடுகிறான். தான் பிழைத்தேன் என்கிறான். அப்படியானால் நான் என்று அவள் கேட்ட பிறகுதான் அவளையும் சேர்த்துக்கொள்கிறான். பத்திரத்தைக் கிழித்து நெருப்பில் போடுகிறான். உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறான்.

சினிமாவாக இருந்தால் இங்கே சுபம். இப்சன் இங்கேதான் ஆரம்பிக்கிறார். நோரா உடையை மாற்றிக்கொண்டு வந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் தான், அந்தப் பக்கம் அவன் என்று உட்கார வைக்கிறாள். எட்டு வருஷத்தில் இருவரும் உட்கார்ந்து உருப்படியாகப் பேசுவது இதுதான் முதல் தடவை என்கிறாள். தகப்பன் வீட்டில் பொம்மைக் குழந்தையாக இருந்தேன், உன் வீட்டில் பொம்மை மனைவியாக இருக்கிறேன் என்கிறாள். எந்த ஆணும் அன்புக்காக மானத்தை விடமாட்டான் என்று அவன் சொன்னதற்கு, கணக்கற்ற பெண்கள் அதை விட்டிருக்கிறார்கள் என்று பதில் சொல்கிறாள். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறாள். கீழே வாசற்கதவு அறைந்து சாத்தும் சத்தத்தோடு திரை விழுகிறது.

யார் பிள்ளையை யார் விட்டது?

1879 டிசம்பர் 4ல் புத்தகம் வெளிவந்தது. 8,000 பிரதிகள் ஒரு மாதத்துக்குள் தீர்ந்தன. டிசம்பர் 21ல் கோபன்ஹேகன் ராஜாங்க நாடக மன்றத்தில் அரங்கேறியது. ஐரோப்பாவே அலறியது. பெற்ற பிள்ளைகளை விட்டு ஒரு தாய் போவாளா! 1880ல் ஜெர்மனியில் நோரா வேஷம் போட இருந்த நடிகை, நான் என் குழந்தைகளை விட்டுப் போக மாட்டேன், முடிவை மாற்றுங்கள் என்றாள். வேறு யாராவது கண்டபடி மாற்றிவிடுவார்களே என்று இப்சனே ஒரு மாற்று முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் நோரா தூங்கும் குழந்தைகளைப் பார்த்துக் கால் தளர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறாள். நாடகத்துக்குச் செய்த அட்டூழியம் இது என்று அவரே பிறகு சொன்னார்.

ஆனால் தோழர்களே, அதே நாடகத்தில் தன் பிள்ளையை விட்டுவிட்டு வந்த இன்னொரு தாய் இருக்கிறாள். அவளைப் பார்த்து யாரும் அலறவில்லை! அவள் பெயர் ஆன் மேரி. அந்த வீட்டு ஆயா. ஏழைப் பெண், ஒருவனை நம்பிக் கெட்டவள். நோரா கைக்குழந்தையாகத் தாயை இழந்தபோது, அவளுக்குப் பால் கொடுக்கும் வேலை ஆன் மேரிக்குக் கிடைத்தது. அதற்காகத் தன் மகளை அயலாரிடம் விட்டுவிட்டு வந்தாள். அந்த மகள் அதன் பிறகு இரண்டே கடிதம் எழுதினாள். சர்ச்சில் உறுதிப்பூசுதல் சடங்கு நடந்தபோது ஒன்று, கல்யாணத்தின்போது ஒன்று. ஆயா இதை அமைதியாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறாள்.

எஜமானி பிள்ளைகளை விட்டுப் போனால் அது பெரிய விவகாரம். கூலிக்காக வேலைக்காரி பிள்ளையை விட்டு வந்தால் அது ஏற்பாடு! பிறர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் சகோதரிகளும், வெளியூர் மில்லுக்குப் பிள்ளையை ஆத்தாளிடம் விட்டுவிட்டு வந்த சகோதரிகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உண்மையான நோரா

இந்தக் கதை வெறும் கற்பனை அல்ல. லாரா கீலர் என்ற எழுத்தாளப் பெண் ஒருவர் இருந்தார். இப்சனுக்கு நன்கு தெரிந்தவர். அவருடைய கணவருக்குக் காசநோய். தெற்கே போனால்தான் பிழைப்பார் என்றார்கள். லாரா கணவருக்குத் தெரியாமல் கடன் வாங்கி அவரை இத்தாலிக்கு அழைத்துச் சென்று காப்பாற்றினார். கடனைத் திருப்ப முடியவில்லை. தன் கதையை எங்காவது வெளியிட உதவுங்கள், பணம் வேண்டும் என்று 1878ல் இப்சனுக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பினார். எழுத்து நன்றாக இல்லை, கவலையைக் கணவரிடம் சொல்லுங்கள் என்று இப்சன் பதில் எழுதினார். வழியில்லாமல் லாரா கள்ளக் கையெழுத்துப் போட்டார். அது வெளிப்பட்டது.

காப்பாற்றப்பட்ட கணவர் என்ன செய்தார்? பிள்ளைகளைப் பிரித்தார். லாரா பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்பட்டார். பிறகு பிள்ளைகளுக்காக அதே வீட்டுக்குத் திரும்பிப் போனார். நாடகத்து நோரா கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனாள். உண்மை நோராவை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார்கள்! இவள்தான் நோரா என்று ஊர் விரல் நீட்டிக் காட்டியது அவரை வெகு காலம் வருத்தியது. இப்சன் பெரிய நாடகாசிரியர். அதற்காக இந்த விஷயத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒருத்தியின் கண்ணீர் உலகப் புகழ் பெற்ற நாடகமாயிற்று. அவள் கடன் கடனாகவே நின்றது.

கதவுக்கு வெளியே

கதவுக்கு வெளியே போன நோராவுக்கு என்ன ஆயிற்று? இதே கேள்வியைத் தலைப்பாக வைத்துச் சீன எழுத்தாளர் லூ சுன் 1923 டிசம்பர் 26ல் பீகிங் பெண்கள் கல்லூரியில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பையில் பணம் இல்லாமல் வெளியே போனால் அவள் கெட்டழிவாள், அல்லது வீடு திரும்புவாள் என்று அவர் சொன்னார். பொருளாதார உரிமை வேண்டும், வாக்குரிமை கேட்பதைவிட அதைக் கேட்பதுதான் கடினம் என்று மாணவிகளை எச்சரித்தார். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பு என்று கைதட்டி அனுப்புவது சுலபம். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி சொல்ல வேண்டாமா?

நார்வேயில் வழி தேடினார்கள். மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை வேண்டும் என்று 1884ல் எழுத்தாளர்கள் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். இப்சன் அதில் கையெழுத்திட்டார். 1885 ஜூன் 14ல் டிரான்ட்ஹைம் நகரில் தொழிலாளர் ஊர்வலமாக வந்து அவரை வாழ்த்தினார்கள். ஐரோப்பாவில் வரப்போகும் சமுதாய மாறுதல் தொழிலாளரையும் பெண்களையும் பொறுத்தது, அதற்காகத் தாம் பாடுபடுவேன் என்று அவர்களிடம் பேசினார். 1888ல் மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தன் பெயரில் நிற்கும் தகுதியும், தன் சம்பாத்தியத்தின் மீது உரிமையும் நார்வேயில் வந்தது. ஒரு நாடகம் அதைக் கொண்டுவந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெண்கள் கேட்டார்கள், போராடினார்கள். நாடகம் அந்தக் கேள்வியை வீட்டுக்கு வீடு கொண்டு போயிற்று.

லண்டனிலும் அது போய்ச் சேர்ந்தது. 1886 ஜனவரி 15ல் கார்ல் மார்க்ஸின் மகள் எலியனோர் தான் குடியிருந்த அறைகளில் நண்பர்களைக் கூட்டி இந்த நாடகத்தை வாய்விட்டுப் படித்தார். நோராவாக எலியனோர்; மிரட்ட வரும் கிராக்ஸ்டாட்டாகப் பெர்னார்ட் ஷா! மேடை இல்லை, திரை இல்லை, டிக்கெட் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்கள், கேட்டார்கள்.

நம் வீட்டுப் பெட்டி

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். காகிதத்துக்கு விலை எப்படி வந்தது? பெண்ணுக்குக் கடன் வாங்க உரிமை இல்லை என்ற சட்டம் ஒரு பங்கு. தாய் என்றால் தெய்வம், தவறினால் பேய் என்ற உபதேசம் ஒரு பங்கு. மனைவியைவிட மானேஜர் நாற்காலி பெரிது என்ற புருஷனின் மானம் ஒரு பங்கு. மிரட்டுபவன் முதல் போடவில்லை. முதலையெல்லாம் நாம் போட்டுக் கொடுக்கிறோம். அவன் வட்டி வாங்குகிறான்.

சட்டம் இன்று வேறு. நம் சகோதரிகள் குழுக் கடன் வாங்குகிறார்கள், தங்கள் கையெழுத்தில். பிள்ளை படிப்புக்கு, மருத்துவச் செலவுக்கு. தவணை தவறினால் வாசலில் வந்து உட்காருகிறார்கள். கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கியவர்களின் நிலைமை இன்னும் மோசம். கொரோனா காலத்திலிருந்து நாடு முழுவதும் நடந்தது உங்களுக்குத் தெரியும். கைப்பேசியிலிருக்கும் பெயர்களையும் படங்களையும் திருடிக்கொண்டு, படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டினார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 1879ன் கிராக்ஸ்டாட்டுக்குப் பத்திரம் தேவைப்பட்டது; இவர்களுக்குப் பொய்ப் படமே போதும். அதற்கும் விலை இருக்கிறதே, ஏன்? வீட்டில் சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம் இருக்கிறதே, அதனால்தான்.

கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003ல் சட்டம் வந்தது. மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைக்குரிய குற்றம். கைப்பேசி வழியாக மிரட்டினால் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். சகோதரிகளே, யாராவது உங்களை மிரட்டினால் முப்பத்தொரு மணி நேரக் கணக்குப் போடாதீர்கள். லிண்டே அம்மாள் சொன்னதைச் செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள், நாலு பேராகப் போய் நில்லுங்கள். நாலு பேருக்குத் தெரிந்த ரகசியத்தை வைத்து எவனும் பணம் பறிக்க முடியாது.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கக் கொடியின் கீழே நின்று சமத்துவம் பேசுகிறோம். மனைவியின் கூலி அவள் பாங்கிக் கணக்கில் விழுகிறது. ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது? பல வீடுகளில் நம் பையில்தான்! ஹெல்மரின் தபால் பெட்டிச் சாவியும் பையில்தான் இருந்தது. அவன் கொடியவன் அல்ல; அடிக்கவில்லை, குடிக்கவில்லை, அன்பாகத்தான் பேசினான். ஆனால் பயமில்லாமல் அவனிடம் ஓர் உண்மையைச் சொல்ல அவன் மனைவிக்கு எட்டு வருஷம் முடியவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் அட்டையை அவளிடம் கொடுங்கள். கடன் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கத்தாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, எப்படி அடைப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அடுத்த வாரம் இதே இடத்தில் இந்த நாடகத்தின் இரண்டாம் அங்கத்தை வாய்விட்டுப் படிக்கப் போகிறோம். மேடையும் வேண்டாம், வேஷமும் வேண்டாம். நோராவாகப் படிக்க அந்த நூற்புப் பகுதிச் சகோதரி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயாவாகப் படிக்க வயல் வேலைக்குப் போகும் பெரியம்மா ஒருவர் முன்வந்திருக்கிறார். படிக்கத் தெரியாது, யாராவது சொல்லிக் கொடுத்தால் மனப்பாடம் செய்துகொள்வதாகச் சொன்னார். கிராக்ஸ்டாட்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. ஹெல்மராகப் படிக்கத்தான் இதுவரை எந்தத் தோழரும் கை தூக்கவில்லை.

யார் வருகிறீர்கள்?